நூறு விளக்கு கேட்டா பத்தாயிரமா?

"என்ன மாப்ள, பத்தாயிரம் அகல் விளக்கு ஆர்டர் வந்திருக்கு!" மாமா போன்ல இப்படிக் கத்தினப்பதான் எனக்கு உறைச்சது. அது ஆர்டர் இல்லை. நானும் என் நண்பனும் பண்ணின சோதனை. அதை மாமாகிட்ட சொல்ல மறந்துட்டேன்.

எங்க ஊர் விருத்தாசலம். செராமிக்குன்னா கடலூர் மாவட்டத்துல எல்லாரும் கை காட்டுற ஊர். பீங்கான் தொழில்நுட்பம் படிக்க இங்க தனிக் கல்லூரியே இருக்கு. மாமா இங்க ஒரு சின்ன யூனிட்ல அகல் விளக்கு வாங்கி வாட்ஸப்ல விக்கிறார். கார்த்திகை வந்தா பதில் சொல்லி மாளாது. அதனால ஒரு ஏஐ ஏஜென்ட் வெச்சுப் பார்க்கலாம்னு கிளம்பினோம். நண்பன் கம்ப்யூட்டர் சயின்ஸ், புரோகிராம் அவன் வேலை. பி.காம் படிக்கிற எனக்கு, "விளக்கம் மட்டும் நீ எழுதிடு, அது ஈசிதான்" என்றான்.

அது என்ன விளக்கம்? சும்மா பேசுற ஏஐ வேற, ஏஜென்ட் வேற. ஏஜென்ட் ஸ்டாக் பார்க்கும், ஆர்டர் போடும். அப்படி ஒவ்வொரு வேலைக்கும் ஒரு 'டூல்', அதாவது கருவி. ஒரு கருவிக்கு ஒரு பெயர், சில வரி விளக்கம், நிரப்ப வேண்டிய கட்டங்கள். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்' முறையிலும் இதே ஏற்பாடுதான். முக்கியமான விஷயம், ஏஐக்குத் தெரிவது இவ்வளவுதான். உள்ளே இருக்கிற புரோகிராமும் தெரியாது, மாமாவோட குடோனும் தெரியாது.

நான் எழுதின விளக்கம்: "ஆர்டர் போட உதவும்." கட்டங்கள்: பொருள், அளவு. அவ்வளவே!

சோதனைக்கு நான் கேட்டது: "100 அகல் விளக்கு என்ன விலை?" ஏஜென்ட் விலையும் சொல்லி, ஆர்டரும் போட்டுவிட்டது. அளவு 100. ஆனா மாமா கணக்கில் அளவுன்னா பெட்டி, ஒரு பெட்டிக்கு 100 விளக்கு. ஆக, பத்தாயிரம்.

யோசிச்சுப் பாருங்க, தப்பு ஏஐ மேலயா? 'அளவு'ன்னா நம்ம தமிழ்ல சைஸும் அதுதான், எண்ணிக்கையும் அதுதான். கடைக்குப் புதுசா சேர்ந்த பையன்னா "அண்ணே, பெட்டியா, பீஸா?"ன்னு கேட்டிருப்பான். ஏஜென்ட் பெரும்பாலும் கேட்காது, தானே ஊகிச்சுக்கும்.

அப்புறம் உட்கார்ந்து மாத்தி எழுதினேன்:

"வாடிக்கையாளர் வாங்குவதாக உறுதி சொன்ன பிறகு மட்டும் ஆர்டரைப் பதிவு செய்யும். விலையோ இருப்போ கேட்டால் இதைப் பயன்படுத்தாதே. இருப்பு பார்க்கும் கருவியைப் பயன்படுத்து. பெட்டி எண்ணிக்கை: முழு எண். 1 பெட்டி = 100 விளக்கு. விளக்குக் கணக்கில் கேட்டால் 100-ஆல் வகு. மிச்சம் வந்தால் அவரிடமே கேள். 20 பெட்டிக்கு மேல் என்றால் பதிவு செய்யாதே, உரிமையாளருக்கு அனுப்பு. பதிவானதை இந்தக் கருவியால் ரத்து செய்ய முடியாது."

எதற்கு, எப்போது, எப்போது கூடாது, என்ன கணக்கில், திரும்ப எடுக்க முடியுமா. இந்த ஐந்தும் இருந்தா பெரும்பாலான குழப்பம் தீருது. ஆனாலும் விளக்கம் என்பது ஒரு வேண்டுகோள்தான், பூட்டு இல்லை. அதனால 20 பெட்டிக்கு மேல் போனா புரோகிராமே மறுக்கிற மாதிரி நண்பன் தனியா எழுதினான். அதே கேள்வியைப் பத்து விதமா மாத்திக் கேட்டும் பார்த்தோம்.

எங்க பாடத்துல 1930-ஆம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டம் உண்டு. அதன் 15-வது பிரிவு, விவரம் சொல்லி விற்றால் சரக்கு அந்த விவரத்துக்கு ஒத்துப் போகணும் என்கிறது. காரணம், பார்க்காமல் வாங்குறவனுக்கு அந்த விவரத்தை விட்டா வேற ஆதாரம் இல்லை. பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணினப்ப புரியலை, இப்ப புரியுது. ஏஜென்டும் பார்க்காமல் நம்புற ஆள்தான்.

இது எங்க மாமா கடையோட போற கதையும் இல்லை. 2025 அக்டோபரில் ரேசர்பே, என்பிசிஐ, ஓபன்ஏஐ மூன்றும் சேர்ந்து, சாட்ஜிபிடிக்குள்ளேயே யூபிஐ மூலம் பொருள் வாங்குற சோதனையை அறிவிச்சாங்க. இனி பணமும் ஏஜென்ட் கை வழியாப் போகும்னா, ஒரு வரி விளக்கத்துக்கு எவ்வளவு மதிப்புன்னு நீங்களே பாருங்க.

அந்த பத்தாயிரம் என்ன ஆச்சுன்னு கேட்கிறீங்களா? நான் உண்மையைச் சொல்றதுக்குள்ள மாமா யூனிட்டுக்குச் சொல்லி, நாலு அக்காமார் வீட்டுக்குப் போகாம ராத்திரி எட்டு மணி வரைக்கும் அச்சு ஊத்திட்டு இருந்தாங்க. அவங்க கூலியை மாமா குடுத்துட்டார். அவரோட நோட்டுல அந்தத் தொகை இன்னும் என் பேர்லதான் பத்து எழுதியிருக்கு. கேட்டா, "விளக்கம் எழுதக் கத்துக்கிட்ட ஃபீஸ் மாப்ள" என்கிறார். நியாயம்தான்.