கட்டத்தில் எழுதிய வரி

மழலையர் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், குழந்தைகளைக் கவனிப்பது என்றால் கட்டங்களில் குறி போடுவது என்றே நினைத்திருந்தேன். பகிர்ந்து விளையாடுகிறதா, கேட்டால் பதில் சொல்கிறதா என்று வரிசையாகக் கேள்விகள் இருக்கும். மாதக் கடைசியில் உட்கார்ந்து, நினைவில் இருப்பதை வைத்து டிக் அடித்துவிடுவேன்.

எல்.கே.ஜி.யில் ஒரு பையன். விளையாட்டு நேரம் முழுக்க மணல் தொட்டியின் ஓரத்திலேயே நிற்பான், உள்ளே இறங்கமாட்டான். அவன் பெயருக்கு நேரே 'மற்ற குழந்தைகளுடன் சேர்வதில்லை' என்று எழுதினேன். பெற்றோர் கூட்டத்தில் அவன் அம்மாவிடம் அதை வாசித்தும் காட்டினேன்.

"வீட்ல நல்லா பேசுவானே மிஸ்" என்றார்.

"இங்க அப்படி இல்லீங்களே" என்றேன். எவ்வளவு உறுதியாகச் சொன்னேன்!

பிறகு ஒரு பயிற்சி வகுப்பில் மில்ட்ரெட் பார்ட்டனைப் பற்றிக் கேட்டேன். 1920களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் மினசோட்டாவில், மழலையர் பள்ளிப் பிள்ளைகளை ஒருவர் மாற்றி ஒருவராக, ஒரு தடவைக்கு ஒரு நிமிடம் என்று பார்த்துப் பார்த்துக் குறித்தவர். 1932இல் அவர் வெளியிட்ட கட்டுரையில், தனியே விளையாடுவது, பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் விளையாடுவது, கூடி விளையாடுவது என்று வகைகள் உண்டு. வேடிக்கை பார்ப்பதும் அதில் ஒரு வகை. சும்மா இருப்பது வேறு, இது வேறு. வேடிக்கை பார்க்கும் குழந்தை பேச்சு எட்டும் தூரத்தில் நிற்கும். கேள்வி கேட்கும், யோசனைகூடச் சொல்லும். எனக்கு அந்தப் பையன் ஞாபகம் வந்துவிட்டது.

அடுத்த விளையாட்டு நேரத்தில் நோட்டோடு தள்ளி உட்கார்ந்தேன். நேரம் போட்டு, கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் மட்டும் எழுத வேண்டும். என் கருத்து எதுவும் கூடாது.

10.20. தொட்டி ஓரத்தில் நிற்கிறான். இரண்டு பெண் குழந்தைகள் மணலில் இட்லி அவிக்கிறார்கள். இவன் உதடு அசைகிறது.

10.22. ஒருத்தி "மூடி எங்க?" என்கிறாள். காலடியில் கிடந்த கொட்டாங்குச்சியை எடுத்து நீட்டுகிறான். அவள் நிமிர்ந்து பார்க்காமலே கை நீட்டி வாங்கிக்கொள்கிறாள்.

10.25. "வெந்துருச்சாடா?" "இன்னும் இல்ல." அவள் காத்திருக்கிறாள்.

எழுதிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. அவள் நிமிரவே இல்லை. மூடி அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வெந்ததா என்று சொல்ல வேண்டியவன் அவன்தான் என்பதும் அவர்களுக்குள் முன்பே முடிவான விஷயம். தினமும் அதே அறையில் இருந்த எனக்குத்தான் தெரியவில்லை.

சாயங்காலம் அவன் அம்மாவிடம் நோட்டின் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். நிதானமாகப் படித்தார்.

"அந்த மீட்டிங்லேருந்து இவங்கப்பா தினம் காலைல 'எல்லார்கூடயும் சேரணும்'னு சொல்லித்தான் அனுப்புறார் மிஸ். ஸ்கூலுக்குக் கிளம்பும்போதே அழறான்" என்றார்.

அதற்குள் வேறு பள்ளியில் யு.கே.ஜி.க்கு இடம் வாங்கிவிட்டிருந்தார்கள். விண்ணப்பத்தோடு நான் குறி போட்ட அந்தத் தாளின் நகலும் போயிருந்தது.