பாதி நிழல், பாதி வெயில்... பிரான்ஸ் கால்வாய்க் கரையில் ஒரு சைக்கிள் வழி!

பிரான்ஸ், சைக்கிள் என்ற இரண்டு வார்த்தைகளையும் சேர்த்துச் சொன்னால் 'டூர் டி பிரான்ஸ்'தான் நினைவுக்கு வரும். மலையேற்றம், மஞ்சள் ஜெர்ஸி, விரட்டிக்கொண்டே வரும் கேமரா பைக்குகள்... ஆனால், அதே நாட்டின் தெற்கில் யாரும் யாரையும் முந்த வேண்டிய அவசியமில்லாத ஒரு சைக்கிள் வழி இருக்கிறது. துலூஸ் நகரில் தொடங்கி, மத்தியதரைக் கடலை ஒட்டிய தோ ஏரி வரை 240 கிலோமீட்டர். பக்கத்திலேயே கூட வரும் கால்வாய், அதைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய தூரம் திராட்சைத் தோட்டங்கள். கால்வாயின் பெயர் 'கனால் டு மிடி'. நம் மொழியில் 'தெற்கத்திக் கால்வாய்' என்று வைத்துக்கொள்ளலாம்.

1996-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பர்யச் சின்னமாக அறிவித்தது. இணையத்தில் தேடினால் வரும் படங்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும்: இரு கரையிலும் ஓங்கி வளர்ந்த மரங்கள் மேலே கைகோத்து நிற்க, நடுவில் பச்சைத் தண்ணீர். அந்தப் படத்தை நம்பி சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் நேரில் பார்ப்பது வேறு. சில கிலோமீட்டர் குளுகுளு நிழல். அடுத்த சில கிலோமீட்டர் மொட்டை வெயில். அங்கே இருந்த மரங்கள் எங்கே போயின?

அதைத் தெரிந்துகொள்ள, முதலில் கால்வாய் வந்த கதையைப் பார்க்க வேண்டும்.

உப்பு வரி வசூலித்தவரின் கனவு

17-ம் நூற்றாண்டில் பிரான்ஸின் மேற்குக் கடலிலிருந்து தெற்குக் கடலுக்குக் கப்பல் போக வேண்டுமென்றால், ஸ்பெயினை முழுக்கச் சுற்ற வேண்டும். அதற்குப் பதிலாக நாட்டுக்குள்ளேயே ஒரு நீர்வழி வெட்டலாம் என்ற யோசனை பல காலமாக இருந்தது. ஆனால், நடுவில் இருக்கும் மேட்டுப் பகுதிக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்? இந்தக் கேள்விக்கு மட்டும் யாரிடமும் பதில் இல்லை.

பதில் சொன்னவர் இன்ஜினீயர் அல்ல. உப்பு வரி வசூலிக்கும் உரிமை பெற்றிருந்த பியேர் பால் ரிக்கே என்பவர். கறுப்பு மலை எனப்படும் மலைத்தொடரின் ஓடைகளைத் திருப்பி, சான் ஃபெரியோல் என்ற இடத்தில் அணை கட்டித் தேக்கி, அங்கிருந்து வாய்க்கால் வழியாக மேட்டுக்குக் கொண்டுவரலாம் என்றார். 1666-ல் மன்னர் 14-ம் லூயி அனுமதி கொடுத்தார்.

வேலை உச்சத்தில் இருந்தபோது சுமார் 12,000 பேர் மண் வெட்டினார்கள். அதில் பெண்களும் நிறைய பேர். அந்தக் காலத்திலேயே மாதச் சம்பளம் கொடுத்தார் ரிக்கே. மழை பெய்து வேலை நின்றாலும், ஞாயிற்றுக்கிழமை வந்தாலும், உடம்பு சரியில்லாமல் படுத்தாலும் சம்பளம் உண்டு. அரசுப் பணம் போதாமல் சொந்தப் பணத்தையும் கொட்டி, கடனாளியும் ஆனார். 1680 அக்டோபரில் அவர் இறந்துபோனார். அடுத்த ஆண்டு மே மாதம் கால்வாய் திறக்கப்பட்டது. 14 ஆண்டுகள் பாடுபட்டவர், கடைசி ஏழு மாதங்களில் அதைப் பார்க்காமலே போய்விட்டார்.

முதல் 50 கிலோமீட்டர்: சொகுசுப் பாதை

துலூஸிலிருந்து கிளம்பினால் முதல் 50 கிலோமீட்டருக்கு வழவழப்பான தார்ப்பாதை. குழந்தைகளை இருக்கையில் கட்டிக்கொண்டு வரும் அப்பாக்கள், அலுவலகம் போகிறவர்கள், கூன் விழுந்த முதுகோடு நிதானமாக மிதிக்கும் தாத்தாக்கள் என எல்லோருக்குமான பாதை இது. கார், லாரி எதுவும் வராது.

அது முடியும் இடத்தில்தான் நொரூஸ் மேடு. கடல் மட்டத்திலிருந்து 189 மீட்டர். முழு வழியிலும் இதுதான் உச்சி. ரிக்கே கொண்டுவந்த மலைத் தண்ணீர் இங்கேதான் கால்வாயில் சேர்ந்து இரண்டாகப் பிரிகிறது. ஒரு பாதி மேற்கே அட்லான்டிக் பக்கம், மறு பாதி கிழக்கே மத்தியதரைக் கடல் பக்கம். 350 வருடங்களுக்கு முன்பு போட்ட கணக்கு இன்றைக்கும் பிசகவில்லை.

மேடு பள்ளத்தில் படகுகள் ஏறி இறங்க, வழிநெடுக 'லாக்' எனப்படும் மதகுத் தொட்டிகள் உண்டு. படகு உள்ளே வந்ததும் இரு பக்கக் கதவுகளையும் மூடி, தண்ணீரை நிரப்பினால் படகு உயரும், வடித்தால் இறங்கும். இந்தத் தொட்டிகள் முட்டை வடிவத்தில் இருப்பதைக் கவனிக்கலாம். ஆரம்பத்தில் நேர் சுவராகக் கட்டிய ஒன்று மண்ணின் அழுத்தம் தாங்காமல் சரிந்துவிட, அதன்பிறகு சுவர்களை வளைத்துக் கட்டினார்கள்.

குண்டும் குழியும்... கோட்டையும்!

நொரூஸைத் தாண்டியதும் சொகுசு முடிந்துவிடும். படகை இழுத்துச் செல்லும் குதிரைகள் நடப்பதற்காகப் போடப்பட்ட பழைய கரைப் பாதைதான் இனி. பல இடங்களில் ஒற்றையடித் தடம், சரளைக்கல், நிலத்துக்கு மேலே முட்டிக்கொண்டு நிற்கும் வேர்கள். மெல்லிய டயர் போட்ட ரோடு சைக்கிள்காரர்கள் பலர் இங்கே கரையை விட்டுவிட்டு, பக்கத்தில் ஓடும் கிராமத்துச் சாலைகளுக்கு மாறிக்கொள்கிறார்கள். 'D' என்ற எழுத்தோடு எண் போட்ட இந்தச் சாலைகளில் பெரும்பாலும் போக்குவரத்து குறைவு. ஊருக்கு ஊர் கால்வாய்ப் பாலத்தில் மீண்டும் வந்து சேரலாம்.

கஸ்தெல்நொதாரி ஊரில் கால்வாய் ஓர் ஏரிபோல விரிகிறது. ஊருக்குப் பெருமை சேர்ப்பது 'கஸூலே'. வெள்ளை பீன்ஸை வாத்து, பன்றி இறைச்சியோடு மண்சட்டியில் மணிக்கணக்காக வேகவைக்கும் உணவு. சாப்பிட்டால் சைக்கிள் நகராது, தூக்கம்தான் வரும்.

அடுத்த பெரிய ஊர் கார்க்கசோன். 52 கோபுரங்களோடு குன்றின்மேல் நிற்கும் கோட்டை தூரத்திலேயே தெரிந்துவிடும். ரிக்கே காலத்தில் இந்த ஊர் செலவில் பங்கு கொடுக்க மறுத்ததால், கால்வாய் ஊரை ஒதுக்கிவிட்டுப் போனது. பிறகு வருத்தப்பட்டு, வேறு தடம் வெட்டி, 1810-ல்தான் ஊருக்குள் கொண்டுவந்தார்கள். இன்று ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தாலே எதிரில் கால்வாய்தான்.

மரங்களுக்கு என்ன ஆச்சு?

கார்க்கசோனைத் தாண்டிய பிறகுதான் வெயில் உறைக்கத் தொடங்கும். இந்தக் கரையின் அடையாளமே பிளேன் மரங்கள்தான். காஷ்மீரின் சினார் மரத்துக்கு நெருங்கிய சொந்தம். 19-ம் நூற்றாண்டில் நடப்பட்டவை. வேர் கரையைப் பிடித்துக்கொள்ளும், நிழல் தண்ணீர் ஆவியாவதைக் குறைக்கும். மொத்தம் சுமார் 42,000 மரங்கள் இருந்தன.

2006-ல் கார்க்கசோனுக்குப் பக்கத்தில் சில மரங்கள் காரணம் தெரியாமல் காய்ந்தன. காரணம் ஒரு நுண்ணிய பூஞ்சை. மரத்துக்குள் தண்ணீர் ஏறும் குழாய்களை அடைத்து, இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் ஆளுயர, மாடி உயர மரத்தையும் கொன்றுவிடும். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தின் மரப்பெட்டிகளில் ஒட்டிக்கொண்டு பிரான்ஸுக்குள் வந்தது என்பதே பரவலான கருத்து. வேரோடு வேர் உரசினால் பரவும். தண்ணீரில் மிதந்து பரவும். படகு மோதிக் காயம்பட்ட வேர் வழியாகவும் நுழையும். மரங்களை வரிசையாக, கால்வாயை ஒட்டி நட்டதே இப்போது வினையாகிவிட்டது.

குணப்படுத்த மருந்து இல்லை. நோய் வந்த மரத்தையும் அக்கம்பக்கத்து மரங்களையும் வெட்டுவது ஒன்றுதான் வழி. இதுவரை பாதிக்கும் மேற்பட்ட மரங்கள் போய்விட்டன. 'நிழலின் அருமை வெயிலில் தெரியும்' என்ற நம் பழமொழியை இங்கே சைக்கிள் மிதிக்கும் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

வெட்டிய இடங்களில் புதுக் கன்றுகள் வைக்கிறார்கள். இந்த முறை ஒரே இனம் இல்லை. ஓக், பாப்ளர், லிண்டன், மேப்பிள், பூஞ்சையைத் தாங்கும் ஒருவகை பிளேன் என்று கலந்து நடுகிறார்கள். ஒன்றுக்கு நோய் வந்தாலும் எல்லாம் சாகக் கூடாது என்பதுதான் கற்றுக்கொண்ட பாடம். முட்டுக் கொடுத்து நிற்கும் இந்தக் கன்றுகள் நிழல் தர இன்னும் பல ஆண்டுகள் ஆகும்.

கொடிகளுக்கு நடுவே

வடக்கே மினெர்வுவா, தெற்கே கோர்பியேர். இரண்டுமே ஒயினுக்குப் பேர்போன பகுதிகள். இங்கே பந்தல் கிடையாது. பழைய திராட்சைச் செடிகள் கம்பி, கொம்பு எதுவும் இல்லாமல் முழங்கால் உயரக் குட்டி மரம்போல முறுக்கிக்கொண்டு நிற்கின்றன. கல்லும் முள்ளுமான மேட்டில் தைம், ரோஸ்மேரி வாசனை. செப்டம்பர் அறுவடையில், வெயிலுக்கு முன்பே பறித்துவிட இயந்திரங்கள் விடியற்காலையில் ஓடும் சத்தம் கேட்கும்.

அழகுக்குப் பின்னால் கஷ்டமும் உண்டு. கால்வாயை ஒட்டிய ஆர்ஜலியே கிராமத்தில், காபிக் கடை நடத்தியபடியே திராட்சையும் பயிரிட்ட மார்செலின் அல்பேர் என்பவர், 1907 மார்ச் 11 அன்று 87 பேரோடு நார்போன் நகருக்கு நடந்தார். சர்க்கரை கலந்த போலி ஒயின் சந்தையை நிரப்பி, விலை தரைக்குப் போயிருந்த நேரம். மூன்றே மாதத்தில் மோன்பெலியே நகரில் ஐந்து லட்சத்துக்கும் அதிகமானோர் திரண்டார்கள். நார்போனில் ராணுவம் சுட்டதில் உயிர்கள் போயின. கடைசியில் கலப்படத்தைத் தடுக்கும் சட்டம் வந்தது.

இன்றைய பிரச்னை வேறு. பிரான்ஸ் மக்கள் ஒயின் குடிப்பதைக் குறைத்துக்கொண்டே வருகிறார்கள். அரசே பணம் கொடுத்து, செடிகளைப் பிடுங்கச் சொல்கிறது. சைக்கிளில் போகும்போது பச்சைக்கு நடுவே தரிசு நிலங்கள் கண்ணில் படும். 2025 ஆகஸ்ட்டில் கோர்பியேரில் பற்றிய காட்டுத்தீ சுமார் 16,000 ஹெக்டேரை எரித்தபோது இந்தத் தரிசுகள் பேசுபொருளாயின. முன்பெல்லாம் திராட்சைத் தோட்டம்தான் தீ தாண்ட முடியாத வேலியாக இருந்தது என்றார்கள் ஊர்க்காரர்கள்.

தண்ணீர்ப் படிக்கட்டு

ஆர்ஜான் என்ற ஊரிலிருந்து 54 கிலோமீட்டருக்கு ஒரு லாக்கூட இல்லை. கால்வாய் குன்றுகளை வளைந்து வளைந்து சுற்றிக்கொண்டு ஒரே மட்டத்தில் ஓடும். மிதிப்பதற்கு இதைவிடச் சுகமான தூரம் கிடையாது. நடுவில் வரும் லு சொமாய் கிராமத்தின் கல்பாலத்தையும் பழைய புத்தகக் கடையையும் பார்க்காமல் யாரும் போவதில்லை.

பிறகு மல்பாஸ் குன்று. 1679-ல் இதைக் குடைந்து சுமார் 165 மீட்டருக்குக் கால்வாயைக் கொண்டுபோனார்கள். படகு போகும் சுரங்கம் ஐரோப்பாவில் இதுதான் முதல். அதே குன்றுக்குள், அதற்குக் கீழே ஒரு ரயில் சுரங்கம். அதற்கும் கீழே, 13-ம் நூற்றாண்டில் மோன்ததி என்ற சதுப்பு ஏரியை வடிக்கக் குடைந்த சுரங்கம். பக்கத்து மேட்டில் ஏறிப் பார்த்தால், வடிந்த ஏரி இன்று சக்கரத்தின் ஆரக்கால்போலப் பிரிந்த வயல்களாகத் தெரியும்.

பெசியே நகரின் வாசலில் ஃபோன்செரான். எட்டு தொட்டிகள், ஒன்பது கதவுகள், 21 மீட்டருக்கும் அதிகமான இறக்கம். தண்ணீரால் கட்டிய படிக்கட்டு! படகுகள் ஒவ்வொரு படியாக இறங்குவதற்குள், சைக்கிள்காரர்கள் ஓர் ஐஸ்கிரீமை முடித்துவிட்டுக் கீழே போய்விடலாம். இது ரிக்கே பிறந்த ஊர். அவர் சிலை ஊர் நடுவே நிற்கிறது.

கடைசியில் ஒரு சின்னக் கலங்கரை விளக்கம், எதிரே தோ ஏரி. ஏரிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள மணல்திட்டில் இன்னும் கொஞ்சம் மிதித்தால் செத் துறைமுகம். கால்வாய்க்காகவே உருவான ஊர் அது.

போகிறவர்கள் கவனத்துக்கு...

* ஐந்து முதல் ஏழு நாள்கள் போதும். ஏப்ரல் முதல் ஜூன் வரை, அல்லது செப்டம்பர், அக்டோபர் நல்லது. ஜூலை, ஆகஸ்ட்டில் நிழலில்லாத பகுதிகளைக் காலை 11 மணிக்குள் கடந்துவிடுங்கள்.

* மேற்கிலிருந்து கிழக்காகப் போங்கள். 'செர்ஸ்' என்ற வடமேற்குக் காற்று முதுகில் தள்ளும். எதிர்த்து மிதித்தால் அழவைத்துவிடும்.

* அகலமான டயர், பஞ்சர் ஒட்டும் பொருள்கள் அவசியம்.

* கிராமங்களில் மதியம் 12 முதல் 2 மணிவரை கடைகள் மூடியிருக்கும். தண்ணீர், ரொட்டியை முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். சைவர்களுக்கு ரொட்டி, சீஸ், தக்காளி, பீச் பழம் கைகொடுக்கும்.

* 12 வயதுக்குட்பட்டோருக்கு ஹெல்மெட் கட்டாயம். இரவில் ஊருக்கு வெளியே ஒளிரும் மேல்சட்டை கட்டாயம். மது அளவுச் சட்டம் சைக்கிளுக்கும் பொருந்தும். தோட்டத்துக்குத் தோட்டம் ஒயின் ருசி பார்க்க அழைப்பார்கள், ஜாக்கிரதை!

* முடியவில்லை என்றால் கவலையில்லை. துலூஸ், கார்க்கசோன், பெசியே, செத் எல்லாமே ரயில் பாதையில் இருக்கின்றன. உள்ளூர் ரயில்களில் சைக்கிளை ஏற்றிக்கொள்ளலாம்.

பழைய மரங்கள் மிச்சமிருக்கும் பகுதிகளைப் பார்க்க விரும்புகிறவர்கள் சீக்கிரம் போவது நல்லது. பூஞ்சை இன்னும் நிற்கவில்லை. இப்போது குழி தோண்டி நடுகிற கைகளில் பல, அந்த மரங்கள் மேலே கைகோக்கும் நாளைப் பார்க்கப் போவதில்லை. ஆனாலும் நட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள்.