பூனை செய்யும் தவம்

மாமல்லபுரத்துக்கு ஒரே நாள் சுற்றுலா. வெண்ணெய் உருண்டைப் பாறையைத் தாங்கிப் பிடிப்பதுபோல் எல்லோரும் போட்டோ எடுத்தாயிற்று (எடுக்காத குடும்பம் உண்டா என்ன!). "இருட்டுறதுக்குள்ள முதலைப் பண்ணைக்குப் போகணும்" என்று அப்பாவுக்கு அவசரம். அர்ச்சுனன் தபசுக்கு அவர் ஒதுக்கியது ஐந்தே நிமிடம். டிக்கெட் வாங்காமல் சாலையிலிருந்தே பார்க்கலாம் என்பதால் மதிப்பு குறைவோ என்னவோ!

நல்லவேளை, பாட்டிக்குக் கால் வலி. எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார். கூடவே பேத்தியும்.

பெரிய யானையின் காலடியில் குட்டிகள். பக்கத்தில் ஒரு பூனை, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு தவம் செய்கிறது. மேலே ஒற்றைக்காலில் நிற்கும் தபசியின் அதே கோலம். சுற்றிலும் எலிகள். 7ஆம் நூற்றாண்டுச் சிற்பிக்கு எவ்வளவு குறும்பு பாருங்கள்!

"ஏன் பாட்டி, எலியெல்லாம் ஓடாம நிக்குது?"

பாட்டி கதையை ஆரம்பிப்பதற்குள் காரிலிருந்து ஹார்ன் சத்தம்.