சொட்டிப் போன குடம்

கதிர்காமத்தில் எங்கள் வீட்டுக்கு விடிகாலையில்தான் தண்ணி வரும். அம்மா முட்டிவலியோடு குடம் குடமாகத் தூக்கி டிரம்மை நிரப்புவாங்க. குளியலறையில் அந்த டிரம்மின் குழாய் சொட்டும். நான் கண்டுகொள்ளவே இல்லை.

ஒருநாள் ராத்திரி கீழே வாளி வைத்தேன். காலையில் அரை வாளி! இரண்டு ராத்திரிக்கு ஒரு குடம். அது அம்மா தூக்கிய குடம். எனக்கு வெட்கமாப் போச்சு.

வாஷர் பத்து ரூபாய்தான். அப்பா மாட்டினார். சாக்கடைக்குப் போன குளியல் தண்ணியைப் பழைய பைப் வைத்து வாழைக்கும் கல்வாழைக்கும் திருப்பினோம். ஷாம்பு பாக்கெட்டுக்குப் பதில் சீயக்காய்.

புதுச்சேரிக்கு நிலத்தடி நீர்தான் ஆதாரம். அதிகமா உறிஞ்சினால் கடலோர நிலத்தில் உப்புநீர் புகும் என்று டீச்சர் சொன்னாங்க.

தோழிகளே, தோழர்களே! இன்று ராத்திரி உங்கள் குழாய்க்குக் கீழேயும் ஒரு வாளி வைத்துப் பாருங்கள்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி