கடிகாரம் காட்டிய பிழை

ஒற்றையடிப் பாதையைப் போல, எங்கள் மத்ரஸாக் கணினிகளுக்கு இணையத்தை அடையப் பிராக்ஸி சர்வர் ஒன்றே வழி. சென்ற வாரம் ஒரு கணினியில் மட்டும் பிரவுசர் கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்டது. பின்னர் 407 என்றது. இணையதளம் அடையாளம் கேட்டு மறுத்தால் 401, பிராக்ஸி மறுத்தால் 407. கடவுச்சொல்லை மாற்றிவிட்டதாக மாணவன் ஒருவனை வகுப்பிலேயே கடிந்துகொண்டேன். அவன் மறுத்தும் நான் நம்பவில்லை.

லுஹர் பாங்கு ஒலித்தபோதுதான் கவனித்தேன்: அக்கணினியின் கடிகாரம் 12 நிமிடம் பின்தங்கியிருந்தது. எங்கள் பிராக்ஸி ஆளை அறிவது கெர்பரோஸ் முறையில். அது வழக்கமாக 5 நிமிடத்திற்கு மேற்பட்ட வேறுபாட்டை ஏற்பதில்லை. வக்தின் பேணுதலை நாள்தோறும் போதிப்பவன் நான்! நேரத்தைத் திருத்தியதும் பக்கம் திறந்தது. தொழுகைக்குப் பின், அதே வகுப்பின் முன்னிலையில் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.