மாத்திரைக்கும் ஒரு கணக்கு வேண்டும்

மளிகைக் கணக்கு, பால் கணக்கு, சலவைக் கணக்கு எல்லாவற்றையும் நோட்டில் எழுதுகிறோம். வீட்டுப் பெரியவர்கள் சாப்பிடும் மாத்திரைகளை மட்டும் பல வீடுகளில் எழுதி வைப்பதில்லை. "காலையிலே ஒரு பிரஷர் மாத்திரை, ராத்திரி ஒரு சின்ன வெள்ளை மாத்திரை" என்பதோடு சரி. போதாக்குறைக்கு, மருந்துக் கடையில் அட்டையைக் கத்தரித்துக் கொடுக்கும்போது பெயர் உள்ள துண்டு அங்கேயே தங்கிவிடும். நம் கைக்கு வருவது பெயரில்லாத வெள்ளித்தாள்தான்.

சாதாரண நாளில் இதனால் ஒன்றும் குடி முழுகிவிடாது. அவசரத்தில்தான் இதன் அருமை தெரியும்.

என் மாமியாருக்கு வயது 71. இதயத்தில் வால்வு மாற்றி ஒன்பது வருஷமாகிறது. போன ஐப்பசி அடைமழையில் கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்து, துவைக்கிற கல்லில் தலையை இடித்துக்கொண்டார். ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை. நெல்லிக்காய் அளவு வீக்கம், அவ்வளவுதான். "ஒண்ணுமில்லைம்மா, கொஞ்சம் ஐஸ் வை, சரியாப் போயிடும்" என்றார். நான் 108-க்குப் போன் செய்தேன்.

வந்த தம்பி நாடியும் ரத்த அழுத்தமும் பார்த்த கையோடு, "ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஏதாவது சாப்பிடுறாங்களாக்கா?" என்று கேட்டார். சமையலறைக் கதவில் ஒட்டியிருந்த சீட்டை எடுத்துக் கொடுத்தேன். "அசிட்ரோமா! அப்ப ஸ்கேன் இருக்கிற ஆஸ்பத்திரிக்கே நேராப் போயிடலாம்" என்றார். ஸ்கேனில் மூளையை ஒட்டி மெல்லிய ரத்தக் கசிவு தெரிந்தது. மருந்தின் வேகத்தை முறிக்க வைட்டமின் 'கே'யும் பிளாஸ்மாவும் ஏற்றினார்கள். பதினோராம் நாள் அத்தை வீடு திரும்பினார்.

அங்கிருந்த நாட்களில் டாக்டரிடமும் நர்ஸிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஸ்டென்ட் வைத்தவர்களுக்குக் கொடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் ஆகியவை ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும். நிறுத்தினாலும் ஒரு வாரம் போல அதன் குணம் உடம்பில் இருக்கும். வால்வு மாற்றியவர்கள் சாப்பிடும் அசிட்ரோம், வார்ஃபரின் இரண்டும் வேறு வகை. இவை வைட்டமின் 'கே'யின் வேலையைத் தடுக்கின்றன. அதனால்தான் இவர்களுக்கு ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை. ஒரு வாரம் கீரையே இல்லாமல், மறுவாரம் தினமும் முருங்கைக்கீரை என்று மாற்றிச் சமைக்காதீர்கள். எப்போதும் ஒரே அளவாக இருக்கட்டும். அபிக்சபான், டபிகாட்ரான் போன்ற புதிய மாத்திரைகளுக்கு இந்தப் பரிசோதனை வழக்கமாகத் தேவையில்லை. ஆனால் ரத்தக் கசிவு ஆபத்து இவற்றிலும் உண்டு. இவற்றைச் சாப்பிடுகிறவர் தலையில் அடிபட்டால், வெளியே காயமே இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். மூட்டுவலிக்கென்று கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்கிக் கொடுப்பதும் கூடாது.

அடுத்தது அடினலால், மெட்டோபுரோலால் வகை. இவை இதயத் துடிப்பை நிதானப்படுத்தும். உடம்பில் ரத்தம் குறைந்தால் நாடி வேகமாக ஓட வேண்டும் அல்லவா? இவர்களுக்கு அப்படி ஓடாமல் போகலாம். நாடி நிதானமாக இருக்கிறதே என்று ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை ஆம்புலன்ஸில் வருகிறவர் தெரிந்துகொள்ள வேண்டும். சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கினால் வரும் படபடப்பையும் இது மறைத்துவிடும். வியர்வை மட்டும் காட்டிக் கொடுக்கும்.

நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் ரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கும். அதை உட்கார்ந்துகொண்டுதான் வைத்துக்கொள்ள வேண்டும். சில்டனாஃபில் என்ற மாத்திரை சாப்பிட்டவருக்கு இதைக் கொடுத்தால் அழுத்தம் அபாயமாக இறங்கிவிடும். ஆண்கள் வீட்டில் சொல்லக் கூச்சப்படுகிற மாத்திரை அது. நுரையீரல் ரத்தக் குழாய் அழுத்தத்துக்காகப் பெண்களுக்கும் கொடுப்பது உண்டு. கூச்சத்தை விட உயிர் பெரிது. ஆம்புலன்ஸில் வருகிறவரிடமாவது சொல்லிவிட வேண்டும்.

நீர் பிரிய உதவும் லாசிக்ஸ் போன்ற மாத்திரைகளையும் விட்டுவிடாதீர்கள். இவற்றால் உடம்பில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறலாம்.

சீட்டு எழுதுவது அரை மணி வேலை. மாத்திரையின் பெயர், அதோடு அட்டையில் இருக்கும் மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த வேளை, எதற்காக — இவ்வளவையும் எழுதுங்கள். ஸ்டென்ட், வால்வு, பேஸ்மேக்கர் வைத்திருந்தால் அதையும், ஒத்துக்கொள்ளாத மருந்து இருந்தால் அதையும் மேலே சிவப்பு மையில் எழுதுங்கள். டாக்டரின் போன் நம்பரும் தேதியும் அவசியம். டாக்டர் மருந்தை மாற்றினால் அன்றே பழைய சீட்டைக் கிழித்துவிட்டுப் புதிது எழுதுங்கள். செல்போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் பெயர் தெரிகிற மாதிரி கத்தரிக்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

ஒரு விஷயம். இதையெல்லாம் படித்துவிட்டுப் பயந்து எந்த மாத்திரையையும் நாமாக நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் வால்விலோ ஸ்டென்டிலோ ரத்தம் கட்டிவிடும். சாப்பிடுவதும் நிறுத்துவதும் டாக்டர் சொல்படி. எழுதி வைப்பது மட்டும் நம் பொறுப்பு.