மண்ணுக்கும் சுவையுண்டு

உண்பதற்காகவே ஊர் ஊராகச் செல்வோர் உலகில் உண்டு. பிரெஞ்சு நாட்டின் சிற்றூர்களுக்கு ஆண்டுதோறும் இத்தகைய பயணிகள் திரளாக வருகின்றனர். காலையில் பாலாடைக்கட்டி செய்யும் வீடு, நண்பகலில் ஒரு சிற்றுணவகம், மாலையில் திராட்சைத் தோட்டத்தை அடுத்த நிலவறை என்று அவர்களது நாள் கழிகிறது. செலவும் சிறிதன்று. ஷிப்டு மாறும் இடைவேளையில் இரண்டு பரோட்டாவை விழுங்கிவிட்டுத் தையற்பொறிக்குத் திரும்புகின்ற திருப்பூர் மக்களாகிய எங்களுக்கு, இச்செய்தி முதலில் வியப்பையே தந்தது. தலையான பாவங்கள் ஏழு என்று சிறுவயதில் மனப்பாடம் செய்தோமே, அவற்றுள் ஒன்றான போசனப்பிரியம் என்பது இதுதானோ என்றுகூட நினைத்தோம். ஆனால் அப்பயணங்களைப் பற்றி மேலும் அறிய அறிய, அவற்றில் நாம் கற்கத்தக்க பாடம் ஒன்றும் இருப்பது புலனாயிற்று.

தென்பிரான்சில் கஸ்தெல்நோதாரி என்றொரு சிறு நகரம் உண்டு. 1681இல் கட்டி முடிக்கப்பட்ட மிதிக் கால்வாய் அந்நகரைத் தொட்டுச் செல்கிறது. கால்வாயில் படகேறி வரும் பயணிகள் அங்கே இறங்கி உண்பது 'கஸ்ஸூலே' என்னும் உணவை. வெள்ளை அவரைக்கொட்டையை இரவெல்லாம் ஊறவைத்து, பன்றியிறைச்சியும் வாத்திறைச்சியும் சேர்த்து, மண்சட்டியிலிட்டு அடுப்பில் மணிக்கணக்காக வேகவிடுகின்றனர். மேலே படரும் ஏட்டைக் கரண்டியால் உடைத்து உள்ளே அமிழ்த்தி, மீண்டும் ஏடு படியவிடுவது பக்குவத்தின் இரகசியம். வாய் அகன்று அடி குறுகிய அச்சட்டிக்குக் 'கஸ்ஸோல்' என்று பெயர். பக்கத்துச் சிற்றூரான இஸ்ஸேலின் களிமண்ணால் வனையப்பட்ட அந்தச் சட்டியின் பெயரே உணவுக்கும் பெயராயிற்று. உழவனின் எளிய உணவு, குயவனின் சட்டியால் பெயர் பெற்றது!

இந்நகரை இங்கே எடுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கோவை மறைப்பணித்தளத்தின் முதல் மேய்ப்பரான மரியோன் பிரெசிலாக் ஆண்டகை 1813இல் பிறந்தது இந்தக் கஸ்தெல்நோதாரியில்தான். 1846இல் அவர் ஆயராக அபிஷேகம் பெற்றதோ, இன்று விசைத்தறிகள் ஓயாது ஒலிக்கும் நம் கருமத்தம்பட்டியில். கால்வாயும் திராட்சைக் கொடியும் கண்டு வளர்ந்த அவர் வந்து சேர்ந்தது, கம்பும் சோளமும் விளையும் வானம் பார்த்த பூமிக்கு. ஆகவே அந்த நாட்டுப்புறத்திற்கும் நம் நாட்டுப்புறத்திற்கும் ஒரு பழைய உறவு உண்டு எனலாம்.

பிரெஞ்சு மக்களிடம் 'தெருவார்' என்றொரு சொல் வழங்குகிறது. ஒரு பொருளின் சுவை சமைப்பவரின் கைப்பக்குவத்தால் மட்டும் வருவதன்று. அது விளைந்த மண், குடித்த நீர், பட்ட வெயில், தலைமுறை தலைமுறையாக அதைப் பேணிய மனிதர் ஆகிய அனைத்தாலும் வருவது என்பது அதன் கருத்து. இதை அவர்கள் வெறும் பேச்சாக விட்டுவிடவில்லை. ரோக்ஃபோர் என்னும் ஊரின் பாலாடைக்கட்டிக்கு 1925இலேயே சட்டக் காப்பு வந்தது. திராட்சை இரசங்களின் ஊர்ப்பெயர்களைக் காக்க 1935இல் தனிச் சட்டம் செய்தனர். நம் நாட்டிலும் புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999இல் இயற்றப்பட்டது. ஈரோட்டு மஞ்சளும் பழனிப் பஞ்சாமிர்தமும் 2019இல் அக்குறியீட்டைப் பெற்றன. கம்பம் பன்னீர்த் திராட்சை 2023இல் பெற்றது. அத்திராட்சையும் 1832இல் ஒரு பிரெஞ்சுக் குருவால் தமிழகத்துக்குக் கொண்டுவரப்பட்டது என்பர்.

இவற்றையெல்லாம் எண்ணியபோது, தொலைநாட்டைப் பற்றி இவ்வளவு அறிந்த நமக்கு, நம் ஊரைச் சுற்றியுள்ள கிராமங்களின் உணவைப் பற்றி என்ன தெரியும் என்ற கேள்வி எழுந்தது. எனவே ஒரு விடுமுறை நாளில் குடும்பமாகப் புறப்பட்டோம்.

முதலில் சென்றது காங்கயம் பக்கம். அங்கே 'கொறங்காடு' என்னும் மேய்ச்சல் நிலங்களைக் காணலாம். சுற்றிலும் முள்ளுக்கிளுவை வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல். ஆங்காங்கே நிழலுக்கு வெள்வேல மரம். மழை குறைந்த அந்தப் பூமியில், உழுது சீரழிக்காமல் புல்லைப் பேணி, காங்கயம் மாடுகளை வளர்த்த நம் முன்னோரின் அறிவை என்னென்பது! தெரிந்த ஒரு குடியானவர் வீட்டில் நண்பகல் உணவு. கம்பஞ்சோறு, கொள்ளுப் பருப்பு, கட்டித் தயிர், கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம். அவ்வளவே. கடைச்சோறு உண்டு பழகிய எங்கள் பிள்ளைகள் முதலில் தயங்கினர். பிறகு இரண்டாம் முறை கேட்டு வாங்கி உண்டனர்.

அங்கிருந்து நொய்யல் கரைக்கு வந்தோம். சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையம் அணை நிற்கிறது. விளைநிலங்கள் பாசனம் பெறவேண்டும் என்று கட்டப்பட்டு, 1992இல் திறக்கப்பட்ட அணை அது. ஆனால் அதில் வந்து தேங்கியதோ திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு. கிணறுகள் உப்பாயின, தென்னைகள் வாடின, இளநீரும் சுவை கெட்டது. உழவர்கள் நீதிமன்றம் சென்று நெடுங்காலம் போராடினர். கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத நிலை வரும்வரை சாயப்பட்டறைகளை மூடவேண்டும் என்று 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அதன்பின் கழிவுநீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறை இத்தொழிலின் கட்டாயமாயிற்று. ஆனால் மண்ணுக்குள் ஊறிய உப்பு ஒரு தீர்ப்பினால் உடனே மறைந்துவிடுமா?

அணைக்கரையில் நின்றபோது நெஞ்சு கனத்தது. தோட்டத்தின் பெயரைக் காக்கவே சட்டம் செய்த அந்த நாட்டுக்கும் திருப்பூர்ப் பனியன்கள் செல்கின்றன. அங்கே அதை அணிபவர் அதன் நிறத்தைக் காண்பார். அந்த நிறத்திற்காக இழந்த இளநீரின் சுவையைக் காண்பாரா? இத்தொழில் நமக்குச் சோறு போட்டது. இலட்சக்கணக்கான ஏழைக் குடும்பங்களைக் கரையேற்றியது. அதை மறுப்பது நன்றியன்று. ஆயினும், ஒருவர் சோற்றுக்கு வழி செய்வது இன்னொருவர் சோற்றில் உப்பைக் கொட்டுவதாக ஆகலாமா?

மாலையில் ஊத்துக்குளி வந்து சேர்ந்தோம். வெண்ணெய்க்கும் நெய்க்கும் பெயர்போன ஊர். வெண்ணெய் உருட்டிக் கொடுத்த முதிய தாயாரிடம், "இந்த மணம் எப்படி வருகிறது, ஆத்தா?" என்று கேட்டோம். "எருமை எதைத் திங்குதோ, எந்தத் தண்ணியக் குடிக்குதோ, அதுதானுங்க கண்ணு வெண்ணெயா வருது" என்றார். பிரெஞ்சு அறிஞர்கள் நூல்களில் விரித்துரைக்கும் கருத்தை அந்த அம்மையார் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

பிரெஞ்சுப் பயணங்களில் திராட்சை இரசத்திற்கும் இடமுண்டு. அதைப் பற்றியும் ஒரு சொல். உணவோடு ஒரு மிடறு பருகி, எந்தச் சரிவில் விளைந்த பழம் என்று பேசி மகிழ்வது அங்குள்ள மரபு. நம் ஊரிலோ சனிக்கிழமைக் கூலி வீடு சேருமுன் மதுக்கடையில் பாதி கரைகிறது. அங்கே சுவையை அறியப் பருகுகின்றனர். இங்கே தன்னை மறக்கக் குடிக்கின்றனர். குடியால் கெடுவோர் எந்நாட்டிலும் உண்டு என்பது மெய்யே. ஆனால் பனையிலிருந்து இறக்கிய பதநீரின் சுவை அறியாமல் வளரும் பிள்ளை, பாட்டிலின் நெடியை மட்டும் அறிந்து வளர்வது எவ்வளவு பெரிய இழப்பு!

அனுதின உணவைத் தரும்படி நாள்தோறும் மன்றாடும் குடும்பங்கள் நாம். அந்த உணவு எந்த மண்ணிலிருந்து, யார் கையிலிருந்து வருகிறது என்பதை அறிவதும் அம்மன்றாட்டின் ஒரு பகுதியன்றோ? பிரான்சுக்குப் போகப் பொருள் வேண்டும். காங்கயத்துக்கும் ஊத்துக்குளிக்கும் போகப் பேருந்துக் கட்டணம் போதும். ஆண்டில் ஒருநாள் பிள்ளைகளை அழைத்துச் செல்வோம். உழவர் கையில் பேரம் பேசாது உரிய விலை கொடுப்போம். சாயத்தொழிலில் பொறுப்புள்ளோர் நம்மிடையே இருப்பின், பிறருக்கு அஞ்சியல்ல, ஆற்றின் கீழ்க்கரையில் உண்ண அமரும் குடும்பத்தை நினைத்து, நீரைத் தூய்மையாக விடுவோம். மண்ணின் சுவையை நாவால் அறிந்தவன் அதைக் கெடுக்க மனம் துணியான்.